முருகைக்கல் தொட்டியும் அதன் கருவிகளும்

ஹிக்கடுவைக் கடலிலே, அடித்தட்டிற் கண்ணாடி பதித்த படகிலிருந்து குனிந்து நோக்குபவர் கண்ணுக்கு முருகைக்கற்பார் ஒரு பூந்தோட்டம் போலத் தோன்றும். கல் என்று பெயர் பெற்றிருப்பினும் அது வெறுங் கல்லன்று. கிளைவிட்டு நிற்பினும் செடியன்று. சின்னஞ்சிறு விலங்குகள் பல்லாயிரம் ஒன்றுகூடி, கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தமக்கென அமைத்துக்கொண்ட வீடே அது. அவ்வீட்டையும் அதன் குடிகளையும் கண்ணாடித் தொட்டி ஒன்றினுள் உயிரோடு வைத்திருத்தல் கூடுமா என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றியே கிடந்தது.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள நியூ கலிடோனியாவின் தலைநகராகிய நூமியாவில், றெனே கத்தாலா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1956 ஆம் ஆண்டில் நிறுவிய மீன்காட்சிச்சாலையிலே உயிருள்ள முருகைகள் செழித்து வாழ்ந்தன. ஆயின் அத்தொட்டிகளுக்குக் கடலே அயல்வீடு. புதுநீர் ஒருபுறம் வந்து மறுபுறம் சென்றுகொண்டேயிருந்தது. வேண்டிய தொண்டு யாவையும் கடலே செய்தது. 1961 இல் ஜகார்த்தா நகரத்தைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் தம் முறையை எழுதி வெளியிட்டார். கடலடியில் உயிர்கள் பற்றி வளர்ந்த பாறைத் துண்டுகளையும், கடல்நீரையும், சூரிய ஒளியையும், மெல்லிய காற்றுக்குமிழிகளையும் தவிர வேறு கருவி எதனையும் அவர் கைக்கொள்ளவில்லை. அவருக்கும் கடல் எட்டிய தூரத்திலேயே இருந்தது.

கடலைவிட்டு விலகி ஒரு பெருந்தொட்டியை அமைக்க முற்படும்போதுதான் கருவிகளின் தேவை எழுகின்றது. அவுஸ்திரேலியாவின் ரவுன்ஸ்வில் நகரிலே 1987 இல் திறக்கப்பட்ட தொட்டி 25 இலட்சம் லீற்றர் நீர் கொள்வது. வானம் பார்க்கத் திறந்து கிடப்பது. அலையெழுப்ப ஓர் இயந்திரம் பூட்டப்பெற்றது. நெதர்லாந்தின் ஆர்னெம் நகர விலங்குக்காட்சிச்சாலையில் 2000 ஆம் ஆண்டிலே 7 1/2 இலட்சம் லீற்றரில் ஒன்று எழுந்தது. சன் பிரான்சிஸ்கோவில் 2008 இல் மக்கள் பார்வைக்கு வந்த பிலிப்பைன் முருகைக்கற்பார்த் தொட்டி 25 அடி ஆழமும் ஏறத்தாழ 8 இலட்சம் லீற்றர் கொள்ளளவும் உடையது. இவை அரசும் அறநிலையங்களும் ஆக்குவன. ஒரு கல்லூரியோ, நூதனசாலையோ, வசதிபடைத்த ஓர் ஆர்வலரோ அமைக்கக் கருதுவது பெரும்பாலும் 2,000 லீற்றர் அளவினதாகவே இருக்கும். இரண்டரை மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் 80 சதமமீற்றர் ஆழமும் கொண்டதாக அத்தகைய தொட்டி ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம்.

இதற்குக் கருவி வாங்கச் செல்பவருக்குக் கடைக்காரர் முதலிற் காட்டுவது விளக்கு. அது ஒளிர்வது, நிறம் மாறுவது, விலையும் உயர்ந்தது. அடுத்துக் காட்டுவது நீரைத் தூய்மை செய்யும் ஏதேனுமொரு புதுப்பொறி. இக்கருவிகள் எத்துணை நன்றாய் இயங்கும் என்பதை விற்போர் விரித்துரைப்பர். வாங்குவோர் கேட்கவேண்டிய கேள்வியோ வேறு: இக்கருவி நின்றுவிட்டால் என்ன நேரும்? எத்தனை மணி நேரத்தில் நேரும்? கடல் ஒருபோதும் நிற்பதில்லை. கருவியோ என்றாவது ஒருநாள் நிற்கும். பெரும்பாலும் வீட்டார் உறங்கும் வேளையிலோ, ஊருக்குச் சென்றிருக்கும் வேளையிலோ நிற்கும். இக்கேள்வியைக் கொண்டு அளந்தால் கருவிகளின் வரிசை, கடைக்காரர் காட்டும் வரிசைக்கு ஏறக்குறைய நேர்மாறாக அமைவதைக் காணலாம்.

முதலிடம் நீரோட்டத்துக்கு உரியது. 2,000 லீற்றர் கடல்நீரில், 27 பாகை வெப்பநிலையிலே, கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசன் ஏறக்குறைய 13 கிராம் மாத்திரமே. அதே கொள்ளளவுள்ள காற்றில் 500 கிராமுக்கு மேலுண்டு. பகலில், முருகையின் தசையினுள் உடனுறையும் நுண்ணிய அல்காக்கள் சூரியனையோ விளக்கையோ கொண்டு ஒட்சிசனை ஆக்குகின்றன. இரவில் அவையும் முருகையும் மீனும், பாறையிலுள்ள பற்றீரியாக்களும் ஒருங்கே அந்த 13 கிராமிலிருந்து எடுத்து மூச்சுவிடுகின்றன. நீர் கலங்கி, அதன் மேற்பரப்புக் காற்றோடு உறவாடிக்கொண்டிருக்கும் வரை குறைந்தது நிரம்பும். ஓட்டம் நின்றால், உயிர் நிறைந்த தொட்டியிற் சில மணி நேரத்திலேயே மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறக்கத் தொடங்கும். விடியுமுன் பல இறக்கும்; இறந்தவை அழுகி, எஞ்சியுள்ள ஒட்சிசனையும் தின்னும்.

முருகைக்கோ ஓட்டம் மூச்சுக்காக மட்டும் வேண்டுவதன்று. அது இடம்விட்டு இடம் பெயராத உயிர். உணவு அதனிடம் வரவேண்டும். கழிவு அதனைவிட்டு அகலவேண்டும். கிளைமுருகைகள் செறிந்த தொட்டிகளிலே, மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல 20 முதல் 40 மடங்கு நீர் அசையவேண்டும் என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. எடுத்துக்காட்டிய தொட்டிக்கு இது மணிக்கு 40,000 முதல் 80,000 லீற்றர் ஆகும். இவ்வளவு நீரையும் குழாய்வழி ஏற்றியிறக்குதல் மின்சாரத்தை வீணாக்குவதாம். நீருள்ளே அமைந்து, கப்பலின் சுழலி போலச் சுழன்று, அகன்ற ஓட்டத்தை எழுப்பும் பம்பிகளே இதற்கு ஏற்றவை. பெரிய பம்பி ஒன்றைவிட நடுத்தரப் பம்பிகள் நான்கு மேலானவை. ஒன்று பழுதுபட்டால் மூன்று எஞ்சும். குறைந்த அழுத்த நேரோட்ட மின்னில் இயங்கும் பம்பிகள், வீட்டு மின்சாரம் அற்றுப்போனாலும் ஒரு பற்றரியின் துணையோடு பல மணி நேரம் மெல்லச் சுழல வல்லன. நான்கில் இரண்டேனும் இவ்வகையினவாக இருத்தல் வேண்டும். ஹொனலூலுவின் வைக்கீக்கி மீன்காட்சிச்சாலையில் புரூஸ் கார்ல்சன் கையாண்ட ஏற்பாடு இன்னும் எளியது. உயரத்தில் வைத்த தொட்டி ஒன்று மெல்ல நிரம்பி, நிரம்பியதும் வளைகுழாய் வழியே ஒரே வீச்சிற் கொட்டி, அலை மோதுவதுபோன்ற விசையைத் தரும். அதிற் பழுதுபடக்கூடிய நுண்பொறி எதுவுமில்லை. ஆனால் இரைச்சலும் உப்புத் திவலையும் உண்டு. வரவேற்பறைக்கு அது ஆகாது.

தொட்டியைப் பற்றி இரண்டொரு சொல். நீரின் அழுத்தம் நீளத்தைப் பொறுத்ததன்று, ஆழத்தைப் பொறுத்தது. 80 சதமமீற்றர் ஆழத்தில், இரண்டரை மீற்றர் நீளமுள்ள முகப்புக் கண்ணாடியை நீர் வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 820 கிலோகிராம் நிறைக்கு ஒப்பாகும். ஆழத்தை இருமடங்காக்கினால் அவ்விசை நான்மடங்காகும். ஆதலின் பெரிதாக்க விரும்புவோர் நீளத்தையும் அகலத்தையும் கூட்டுவதே நன்று. ஆழமான தொட்டியில் ஒளி அடிவரை செல்லாது. துப்புரவு செய்பவரின் கையும் செல்லாது. அக்கிரிலிக்குப் பலகை கண்ணாடியிலும் எடை குறைந்தது, தெளிந்தது. காட்சிச்சாலைகளின் பெருஞ்சாளரங்கள் அதனாலேயே ஆனவை. ஆயின் பாசியைச் சுரண்டும்போது எளிதிற் கீறுபடும். இந்த அளவுக்குக் கண்ணாடியே போதும். நீரும் பாறையும் தொட்டியும் சேர்ந்து மூன்று தொன்னை நெருங்கும் சுமை, சதுரமீற்றருக்கு ஒரு தொன்னுக்கு மேலாக நிலத்தை அழுத்தும். வீட்டு மேன்மாடித் தளங்கள் சதுரமீற்றருக்குச் சில நூறு கிலோகிராமைக் கருதியே அமைக்கப்படுவன; எனவே பொறியியலாளரைக் கேளாமல் மாடியில் வைப்பது விபரீதமாகும்.

பெருந்தொட்டியின் கீழே இன்னொரு தொட்டி அமைத்து, மேலிருந்து வழியும் நீரை அதில் இறக்கி, அங்கே கருவிகளை மறைத்து வைத்து, மீண்டும் பம்பியால் ஏற்றுவது வழக்கம். பம்பி ஓடும்வரை இரண்டும் அமைதியாக இருக்கும். நின்றதும் என்ன நேரும் என்பதைக் கணக்கிடாதவர்களே நிலவிரிப்பை இழந்தவர்கள். மேற்றொட்டியின் மேற்பரப்பு இரண்டரைச் சதுரமீற்றர். வழியும் விளிம்புக்கு மேலே மூன்று சதமமீற்றர் நீர் நின்றால் 75 லீற்றர் கீழே வரும். இது சிறிது. நீரை ஏற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 20 சதமமீற்றர் கீழே அமைந்திருந்தால், அது வளைகுழாயாக மாறி 500 லீற்றரைத் திருப்பி இழுக்கும். ஆகவே குழாய்வாய் மட்டத்தை ஒட்டியே அமையவேண்டும். மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையிட்டுக் காற்றுப் புக வழி செய்வோரும் உளர். அத்துளையை ஒரு நத்தை அடைத்துவிட்ட நாளில் அதனாற் பயனில்லை. வழிந்தோடும் குழாய்களும் ஒன்றுக்கு மேற்பட வேண்டும். எந்நாளும் நீர் ஓடும் குழாயோடு, எந்நாளும் வறண்டிருந்து, மற்றது அடைபட்ட வேளையில் மட்டும் முழு ஓட்டத்தையும் ஏற்கக்கூடிய குழாய் ஒன்றும் இருத்தல் அவசியம். பயன்படாத அந்தக் குழாய்க்குச் செலவிடும் பணமே மிகப் பயனுள்ள பணம்.

நீரோட்டத்துக்கு அடுத்தபடி விரைவாய்க் கொல்வது வெப்பம். 1998 ஆம் ஆண்டிலே இந்து சமுத்திரம் வழக்கத்துக்கு மேலாகச் சூடேறியபோது இலங்கைக் கரையோர முருகைகள் பெருமளவில் வெளிறி மடிந்தன. கோடைகால உச்ச வெப்பநிலைக்கு மேல் ஒரு பாகை, சில வாரம் நீடித்தாலே முருகை தன் தசையிலுள்ள அல்காக்களை வெளியேற்றி வெளிறத் தொடங்கும். கடலிலே வாரக்கணக்கில் நிகழும் இவ்வினை, தொட்டியில் ஒரே இரவில் நிகழலாம்.

2,000 லீற்றர் கடல்நீரை ஒரு பாகை சூடேற்ற, மின்கட்டணச் சீட்டில் அலகு எனக் குறிக்கப்படும் மின்சாரத்தில் ஏறத்தாழ 2.3 அலகு வேண்டும். குளிர்நாட்டிலுள்ளவர் 2,000 உவாற்றுச் சூடாக்கி ஒன்றைப் பொருத்துகிறார் என்க. அதன் ஆளி திறந்த நிலையிற் சிக்கிக்கொண்டால் நின்றுவிடுமே என்ற கவலை சிறிது. மூடிய நிலையிற் சிக்கி, ஓயாது எரியுமாயின் மணிக்கு ஏறக்குறைய ஒரு பாகை ஏறும். காலையில் எழுபவர் காண்பது ஒரு குழம்பு. 500 உவாற்று வீதம் நான்கு பொருத்தியிருந்தால், ஒன்று சிக்கினும் மணிக்குக் காற்பாகையே ஏறும்; அதிலும் பெரும்பகுதி அறைக்குள் கழிந்துவிடும். பல சிறியவற்றுக்கு மேலே, அவை யாவற்றையும் துண்டிக்கவல்ல இரண்டாவது வெப்பமானி ஆளி ஒன்றும் வேண்டும். கருவி நிற்பதை மட்டுமன்றி, நிற்க மறுப்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும் என்பதற்குச் சூடாக்கியே நல்ல சான்று.

இலங்கை போன்ற வெப்பநாட்டிலே சூடாக்கியின் இடத்தைக் குளிராக்கி பிடிக்கின்றது. நீரின்மேல் காற்றாடி வீசச்செய்து ஒரு லீற்றர் நீரை ஆவியாக்கினால் தொட்டி ஏறக்குறைய 0.3 பாகை குளிரும்; வறண்ட காற்றுள்ள இடத்தில் இதுவே போதுமாகலாம். ஈரங் கனத்த கரையோரக் காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது; அங்கே இயந்திரக் குளிராக்கி தவிர்க்க முடியாதது. அதன் உள்ளே கடல்நீரைத் தொடும் சுருள் தைத்தேனியம் என்னும் உலோகத்தால் ஆனதா என்று கேட்டறிதல் முக்கியம். செம்பாயின் அது மெல்லக் கரைந்து முருகையையும் இறாலையும் நத்தையையும் நஞ்சூட்டும். பித்தளைப் பொருத்துகள், செப்புக் குழாய்கள் எவற்றுக்கும் இத்தொட்டியில் இடமில்லை. மேலும், குளிராக்கி நீரிலிருந்து அகற்றும் வெப்பத்தை வெளியே உமிழ்கின்றது. அதனை அதே மூடிய அறையில் வைப்பவர், ஒரு கதவால் விரட்டிய வெப்பத்தை மறு கதவால் அழைக்கின்றார்.

இனி விளக்கு. உடனுறை அல்காக்கள் ஒளியைக் கொண்டு ஆக்கும் உணவிலேதான் முருகை பெரும்பாலும் வாழ்கின்றது. ஆதலின் போதிய ஒளியின்றி அது வளராது. கடலிற் செந்நிற ஒளி சில மீற்றருக்குள்ளேயே நீரால் உறிஞ்சப்பட்டுவிட, நீலம் ஆழத்துக்குச் செல்லும். விளக்கிலும் நீலம் மிக்கிருத்தல் இதன்பொருட்டே. முன்பு பெருந்தொட்டிகளுக்கு உலோக ஏலைட்டு விளக்குகளே கதி. நீரில் அசையும் ஒளிவலையை எழுப்புவதில் அவற்றுக்கு நிகரில்லை. அவற்றின் வெப்பத்தைப் போக்கக் குளிராக்கியும் கூடவே வேண்டியிருந்தது. இப்போது எல்.இ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரத்தில் அதே ஒளியைத் தருகின்றன. ஆயின் மேற்கூறிய கேள்வியை விளக்கிடம் கேட்டால் வரும் விடை வியப்பானது: விளக்கு ஓரிரு நாள் அணைந்து கிடந்தாலும் பெருங்கேடு இல்லை. கடலிலும் புயற்காலத்தில் நீர் கலங்கிப் பல நாள் இருண்டிருப்பதுண்டு. விளக்கினால் வரும் இழப்பு பெரும்பாலும் அது நிற்பதால் வருவதன்று. புதுவிளக்கை முதல்நாளே முழு வலிமையில் ஏற்றி, மங்கிய ஒளிக்குப் பழகிய முருகையைச் சுட்டுவிடுவதால் வருவது. ஒளியை வாரக்கணக்கிற் படிப்படியாய் உயர்த்த இடந்தரும் விளக்கைத் தேர்தல் வேண்டும். நிறங்களின் வேடிக்கை பின்னர்.

கழிவுகளைப் பொறுத்தவரை, 1970களிலும் 80களிலும் பேர்லின் நகரத்து வளர்ப்போர் வகுத்த முறையே இன்றும் பலருக்கு அடிப்படை. உயிர் பற்றிய பாறைகளின் மேற்புறத்துப் பற்றீரியாக்கள் மீனின் கழிவிலுள்ள அமோனியாவை நைத்திரேற்றாக மாற்ற, பாறையின் ஒட்சிசனற்ற உட்புறத்தில் வாழ்வன அதனை நைத்திரசன் வாயுவாக்கி வெளிவிடும். பாறைக்குத் துணையாக நிற்பது நுரைபிரிப்பான். உயர்ந்த குழல் ஒன்றில் நுண்குமிழிகளை எழுப்பினால், நீரிலுள்ள புரதமும் கொழுப்பும் குமிழியின் தோலில் ஒட்டிக்கொண்டு நுரையாய் மேலேறிக் கிண்ணத்தில் வழியும். அலைமோதும் கரையில் நுரை ஒதுங்குவதும் இவ்வாறே. அது ஒட்சிசனையும் சேர்ப்பதால் இருமடங்கு பயனுடையது. விற்பனைத் தாளில் அச்சிட்ட லீற்றர்க் கணக்கை நம்பி இதனைத் தேர்தல் அறிவன்று. நாளொன்றுக்கு எவ்வளவு உணவு இடப்படும் என்பதே அளவுகோல். இது சில நாள் நின்றாலும் தொட்டி தாங்கும்.

முருகை தன் வீட்டைக் கட்டக் கல்சியமும் காபனேற்றும் வேண்டும். கடல்நீரின் ஒரு லீற்றரிற் கல்சியம் 420 மில்லிகிராம் அளவில் உண்டு. எனவே முழுத் தொட்டியிலும் உள்ளது 840 கிராம். கிளைமுருகைகள் செழித்து வளரும்போது நாளொன்றுக்கு லீற்றருக்கு 10 மில்லிகிராம் குறைவது அரிதன்று. அப்படியாயின் தொட்டி நாள்தோறும் 20 கிராம் கல்சியத்தை, அதாவது 50 கிராம் சுண்ணக்கல்லைக் கட்டுகின்றது. ஈடுசெய்யும் பழைய முறை சுண்ணாம்பு நீர் வார்ப்பது. இலங்கையின் தென்மேற்குக் கரையிலே முருகைக்கல்லைத் தோண்டிச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கிய காலமொன்று உண்டு. தொட்டியிலோ சுண்ணாம்பு மீண்டும் முருகைக்கல்லாகின்றது. தெளிந்த சுண்ணாம்பு நீரின் ஒரு லீற்றரில் ஒரு கிராமுக்குக் குறைந்த கல்சியமே கரையும். 20 கிராமுக்கு 24 லீற்றர் அளவு வேண்டும். தொட்டியில் ஆவியாகும் நீருக்குப் பதிலாகவே அதனை விடமுடியுமாதலால், முருகை பெருகிய பெருந்தொட்டிக்கு இது போதாமற் போகலாம். அப்போதுதான் நொறுங்கிய முருகைக்கல் நிறைந்த குழலினூடு காபனீரொட்சைட்டு ஏற்றிய நீரைச் செலுத்திக் கல்லைக் கரைக்கும் கருவி தேவையாகும். தொடக்கத்திலேயே அதனை வாங்கிவைப்பது, பிள்ளை பிறக்குமுன் மணவறை கட்டுவது போன்றது.

ஆவியாவது நன்னீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அக்குறையை நிரப்ப, மென்சவ்வினூடு அழுத்தி வடித்த தூயநீர் வேண்டும். நகரக் குழாய்நீரிலுள்ள குளோரீனும் பொசுபேற்றும் செம்பும் கூடா. மட்டம் குறைந்ததும் தானே நீர்விடும் மிதவைக் கருவியை நேரே குழாயோடு பொருத்துதல் பேராபத்து. மிதவை சிக்கினால் தொட்டி முழுதும் நன்னீராகும். 40 லீற்றர் கொள்கலம் ஒன்றோடு பொருத்தினால், அவ்வளவும் ஒரேயடியாக விழுந்தாலும் 35 பங்கு உவர்த்தன்மை 34.3 ஆகவே குறையும்; உயிர்கள் அதைப் பொறுக்கும்.

மின்சாரத்தையும் இவ்வாறே பிரித்தல் வேண்டும். மின்கசிவு நேர்ந்தால் துண்டிக்கும் ஆளி உப்புநீரருகே கட்டாயம் வேண்டும். ஆனால் எல்லாக் கருவியும் ஒரே ஆளியில் இருந்தால், பழுதுபட்ட சூடாக்கி ஒன்று பம்பிகள் அனைத்தையும் நிறுத்திவிடும். இரண்டு ஆளிகள், ஒவ்வொன்றிலும் பாதிப் பம்பிகள் என்று வகுப்பதே முறை. யாவற்றையும் ஆளும் கணிப்பொறி ஒன்றைப் பலர் விரும்புகின்றனர், அது வசதியே. எனினும் அதன் ஆணை பிழைத்தவேளையிலும் தம் வேலையைத் தாமே செய்யும் எளிய ஆளிகள் பின்னணியில் இருத்தல் நன்று. அபாயமணியும் அக்கணிப்பொறியைச் சாராது தனித்து இயங்கவேண்டும்.

உயிர் எதனையும் இடுமுன்னர், 70 கிலோகிராமுக்குக் குறையாத உப்பைக் கரைத்து, தொட்டியை நிரப்பி, பாறை அடுக்கி, எல்லாக் கருவிகளையும் சில வாரம் ஓடவிடுவர். அந்த வாரங்களில் ஒருநாள், பகல் வேளையில், முன்னறிவிப்பின்றி முதன்மை ஆளியை அணைத்துவிட்டு, கையிற் கடிகாரத்தோடு கீழ்த்தொட்டியின் அருகே உட்காரவேண்டும். நீர் எங்கே வந்து நிற்கின்றதோ அங்கே ஒரு கோடு இடவேண்டும். பற்றரிப் பம்பிகள் சுழலத் தொடங்கினவா, எத்தனை மணி நேரம் சுழன்றன என்பதைக் குறிக்கவேண்டும். பின்பு ஆளியைப் போட்டு, ஒவ்வொரு பம்பியும் ஒருவர் கை படாமல் தானே மீண்டும் எழுகின்றதா என்று பார்க்கவேண்டும். எழாத பம்பியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்க அன்றுதான் தகுந்த நாள்.